படிவம் பி ஏன் திரும்பி வருகிறது

ஆய்வுக்கான எலியை வாங்கி வைத்துக்கொண்டு அனுமதி கேட்டு வராதீங்க. முதலில் படிவம் பி (விலங்குப் பரிசோதனைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பம்), பிறகு நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல், அதற்கப்புறம்தான் ஆர்டர். சிசிஎஸ்இஏ (விலங்குப் பரிசோதனையைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழு) நியமித்த உறுப்பினர் இல்லாமல் நடந்த கூட்டம் செல்லாது. நாய், குரங்கு என்றால் கோப்பு டெல்லியில் உள்ள சிசிஎஸ்இஏ-வுக்கும் போகணும்.

பாதி விண்ணப்பம் இடறுவது எண்ணிக்கையில்தான். "6 குழு, குழுவுக்கு 6 எலி, மொத்தம் 36" என்கிறீர்கள். சரி, ஏன் 6? எதிர்பார்க்கும் வித்தியாசம் எவ்வளவு, எந்தப் புள்ளியியல் சோதனை, பவர் (வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அது சோதனையில் தெரியவரும் வாய்ப்பு) எத்தனை சதவீதம் என்று கணக்குக் காட்டணும். சீனியர் ஆய்வேட்டில் 6 இருந்தது என்பது காரணமே இல்லை (அவருக்கும் யாரோ சீனியர்!). முன்னோட்டத்துக்கான எலி, நடுவில் செத்தால் ஈடுகட்டும் எலி எல்லாம் இதிலேயே அடங்கணும். பிறகு 4 எலி கூடுதலாகக் கேட்டால் திருத்த விண்ணப்பம் போட்டு அடுத்த கூட்டம் வரை காத்திருக்கணும்.

"இறக்கும்வரை கவனிப்போம்" என்று எழுதவே கூடாது. எடை 20 சதவீதம் குறைந்தால் கருணைக்கொலை, எந்த மருந்து, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், யார் செய்வார் என்று அளவோடு வேண்டும்.

திடீர் ஆய்வில் மாட்டுவது கூண்டு அட்டைதான். அட்டையில் 5, கூண்டில் 4, படிவம் டி-யில் (விலங்குகளையும் பரிசோதனைகளையும் பதியும் ஏடு) இறப்புப் பதிவே இல்லை. செத்த அன்றே தேதி, காரணம், கையெழுத்து மூன்றையும் போட்டுவிடுங்க.