தேர்த் திருவிழா நேரலை: மெஷ் வலையில் படம் உறையாமல் இருக்க

தேர்முட்டியை விட்டுத் தேர் கிளம்பும் நேரம் வீதியில் நிற்கிற சனமெல்லாம் போனை உயர்த்தும். மொபைல் டவர் திணறுவதும் அப்போதுதான். அதை நம்பாமல், கோயிலின் நாலு வீதி மூலைகளிலும் ஒவ்வொரு றவுட்டர் வைத்து, ஃபைபர் இணையம் உள்ள ஒரு வீடு வரைக்கும் படத்தைக் கைமாற்றிக் கொண்டுபோகலாம். இதுதான் மெஷ் வலை. றவுட்டரில் ஏற்றும் இலவச இயங்குதளமான ஓபன்டபிள்யூஆர்டியும், அதில் பாதை தேடிக் கொடுக்கும் மெஷ் மென்பொருளான பேட்மேன் அட்வான்ஸ்டும் போதும்.

ஒரே வை-ஃபை சனலில் ஓடும் றவுட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் அனுப்பவும் மாட்டாது. ஆகவே இரண்டு ஹொப்பில் (ஒரு றவுட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஒரு ஹொப்) வேகம் பாதி, மூன்றில் மூன்றிலொன்று. இரண்டு ரேடியோ உள்ள றவுட்டராக வாங்குங்கள்: கமராவிலிருந்து மூலைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், மூலைக்கு மூலை 5 கிகாஹெர்ட்ஸ்.

றவுட்டர் கட்டும் கம்பத்தின் உயரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 200 மீற்றர் தூரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸில் நடுவழியில், இரண்டு றவுட்டரையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 1.7 மீற்றர் தடையில்லாத வெளி வேண்டும். மனித உடம்பு அலையை உறிஞ்சும். ஆள் உயரத்தையும் கூட்டினால் 4 மீற்றருக்குக் குறையக்கூடாது. கம்பத்தை வீதியின் வெளி ஓரத்தில் நடுங்கள். உள் மதிலோரம் நட்டால், மூலை திரும்பும்போது தேரே இணைப்பை மறைத்துவிடும். பந்தல் தகரமும் மழையில் நனைந்த பனையோலையும் அப்படித்தான்.

எதிரெதிர் மூலை றவுட்டர்கள் இரண்டும் கோயில் மதிலால் ஒன்றையொன்று கேட்காமல், இடையிலுள்ள மூலைக்கு ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்ளும். பவரைக் கூட்டினால் இது தீராது, இரைச்சல்தான் கூடும். றவுட்டரில் ஆர்டிஎஸ் எல்லையை (இதைவிடப் பெரிய பக்கெட் அனுமதி கேட்டே போகவேண்டும் என்ற அளவு) 500 பைட்டுக்கு இறக்குங்கள்; வீடியோ பக்கெட், அதாவது ஒரு தரவுத் துண்டு, 1316 பைட் என்பதால் ஒவ்வொன்றும் முதலில் அனுமதி கேட்டே போகும். கொஞ்சம் வேகம் குறையும், அது பரவாயில்லை.

இனி வீடியோ. வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறையில் ஒரு கீஃபிரேம் (முழுப் படமாக வரும் சட்டகம்) சிதைந்தால் அடுத்த கீஃபிரேம் வரும்வரை திரை கட்டம் கட்டமாக உடையும். ஆகவே கீஃபிரேம் செக்கனுக்கு ஒன்று, படத் தெளிவு 720பி, வேகம் செக்கனுக்கு 2.5 மெகாபிட் என்று வையுங்கள். நேரலை அனுப்பும் வழக்கமான முறையான ஆர்டிஎம்பி, டிசிபி என்ற இணைய நெறிமுறையில் ஓடுவது. அலையில் தொலைந்த பக்கெட்டையும் அது நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிடும். எஸ்ஆர்டி என்ற இன்னொரு நேரலை முறை தொலைந்ததை மட்டும் திருப்பிக் கேட்கும், ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். அதன் இயல்பான 120 மில்லிசெக்கன் மெஷ்ஷுக்குக் காணாது, 2000 வையுங்கள். யூடியூப்பில் பார்ப்பவருக்கு எப்படியும் பல செக்கன் பிந்தித்தான் படம் போகிறது, இந்த 2 செக்கன் தெரியவே தெரியாது. மல்டிகாஸ்ட் (ஒரே பக்கெட்டைப் பலருக்கு ஒன்றாக அனுப்புவது) வேண்டாம்: வை-ஃபையில் அதற்குப் பெற்றேன் என்ற பதில் இல்லை, தொலைந்தது தொலைந்ததுதான்.

ஒரு றவுட்டர் திடீரென நின்றால் மறுபக்கத்தால் பாதை மாறச் சில செக்கன் பிடிக்கும்; எஸ்ஆர்டிக்குக் கொடுத்த 2 செக்கன் அவகாசமும் அதை மறைக்காது. மின்சாரத்தை நம்பாமல் ஒவ்வொரு கம்பத்தடியிலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி வையுங்கள். 8 வாட் றவுட்டர் 5 மணித்தியாலம் தாங்கும்.

வலையின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளின் சோதனையை வெறும் வீதியில் செய்து பயனில்லை. தேருக்கு முந்திய சப்பறத்தன்று, சனம் நிறைந்திருக்கும்போது, கமரா நிற்கும் இடத்திலிருந்தே யூடிபியில் (தொலைந்ததைத் திருப்பி அனுப்பாத நெறிமுறை) ஓட்டிப் பாருங்கள். செக்கனுக்கு 6 மெகாபிட் இழப்பில்லாமல் வராவிட்டால் வீடியோவை 1.5 மெகாபிட்டுக்கு இறக்குங்கள்.