பழைய ஹார்னெட்டை ஓடவைத்தல்: வேலைக் குறிப்புகள்

ஜூன் 1
மேசையில் டாமியா நிறுவனத்தின் ஹார்னெட், ரேடியோவால் ஓட்டும் (ஆர்.சி.) கார். 1984-இல் வந்த பத்தில் ஒரு பங்கு அளவு பக்கி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் வகை. அதே ஆண்டின் கிராஸ்ஹாப்பர் காருக்கு 380 வகைச் சிறிய மோட்டார், இதற்கு 540 வகைப் பெரியது. எண்பதுகளில் ஆர்.சி. கார் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களும் மனப்பாடம்.

பிரிக்கும் முன் திருப்புளியைக் கவனிக்க வேண்டும். ஸ்க்ரூத் தலைகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காமல் வழுக்கி, தலையை அரைத்துவிடும்.

ஜூன் 2
கியர்பாக்ஸ் திறந்தாயிற்று. பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது. வழித்தெடுத்து, பற்களில் புதிதாக மெல்லப் பூசினால் போதும். அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதில் 11 × 5 × 4 மி.மீ. பால் பேரிங். மண் புகுந்த புஷ் அச்சையே தேய்த்துவிடும் என்பதால் இந்த ஒரு மாற்றம் அவசியம்.

மூடும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்புறமாகச் சுற்ற வேண்டும். 'டக்' என்று பழைய மரையில் விழுந்தபின் வலப்புறம் முறுக்கலாம். நேரடியாக முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டும், பிறகு பிடிப்பே இருக்காது.

ஜூன் 7
இன்று முழுக்க ஸ்பீடு கன்ட்ரோலர், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி. எலெக்ட்ரானிக் வகையைப் போட்டால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ரேடியோ சொல்வதற்கேற்பத் திரும்பும் சிறு மோட்டாரான சர்வோவின் கை நகர, செம்புத் தகடுகள்மேல் தொடுமுனை உரசி, வேகம் படிப்படியாக ஏறுவதுதான் அந்தக் காலத்துக் கார். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூடு.

தகடுகளில் கருப்பு படிந்திருந்தது. ஒவ்வொரு முறை தொடர்பு விலகும்போதும் தெறிக்கும் பொறியின் வேலை அது. 1000 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. மின்சாரத்தைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் பீங்கான் ரெசிஸ்டரைக் காற்றுப்படும் இடத்தில், ஒயர் எதுவும் தொடாதபடி பொருத்த வேண்டும். மெதுவாக ஓட்டும்போதுதான் அது கொதிக்கும். முழு வேகத்தில் மின்சாரம் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும்.

மோட்டாரில் 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் கெபாசிட்டர் மூன்று: முனைகளுக்கு இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் உடல் தகட்டுக்கு ஒன்று. இவை இல்லாவிட்டால் பிரஷ் பொறியின் இரைச்சல் ரிசீவரில் புகுந்து சர்வோ நடுங்கும்.

ஜூன் 8
ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ், ஏ.எம். பேட்டரி கசிந்த இடங்களில் வெள்ளைப் பொடி. அது காரம், வினிகர் தொட்ட பஞ்சில் கரைந்துவிட்டது.

அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் ஜோடியில் டிரான்ஸ்மிட்டருடையதும் ரிசீவருடையதும் 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் கொண்டவை. இடம் மாற்றிச் செருகக் கூடாது. "என்ன கலர் கிரிஸ்டல்?" என்று கேட்டுவிட்டே சுவிட்சைப் போட்ட காலம் அது. ஒரே கலரில், அதாவது ஒரே அலைவரிசையில், இரண்டு பேர் இருந்தால் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும்.

ஜூன் 14
பேட்டரி: ஆறு செல், 7.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. லித்தியம் பாலிமர் இதில் கூடாது. மெக்கானிக்கல் கன்ட்ரோலருக்கு வோல்ட்டேஜ் குறைந்ததும் நிறுத்தத் தெரியாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுவிடும்.

ஜூன் 15
ஓடுகிறது! கியர் இரைச்சல், சூடான மோட்டாரின் வாசனை, எல்லாம் அப்படியே.

பின்பக்கம் துள்ளுகிறது. மோட்டாரும் கியர்பாக்ஸும் இரு சக்கரங்களும் ஒரே பாரமாகச் சேர்ந்து அசைவதால், ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் மொத்தமும் எழும்பும். துள்ளலைத் தணிக்கும் டேம்பரில் கெட்டியான சிலிகான் எண்ணெய் விட்டால் கொஞ்சம் அடங்கும். அடுத்த ஓட்டத்துக்கு முன் அதை மாற்ற வேண்டும், கொஞ்சம் துள்ளல் மிச்சமிருக்கும்படி.