ஆமை புகுந்த மடிக்கணினி

விண்டோஸ் சர்வரைத் தொடக்கிவிட்டுத் துணி காயப்போட்டுத் திரும்பினால், அப்போதுதான் கடவுச்சொல் கேட்கும் திரை வந்திருக்கும். கூடவே இன்னொரு விஎம்மை, அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை, எழுப்பினால் மவுஸ் நகராது. 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் நான் சர்வர் நிர்வாகம் படிக்க ஆரம்பித்த லட்சணம் அது. பகலில் அலுவலகத்தில் பிரிண்டர் கோளாறு பார்ப்பவள் நான். ராத்திரியில் ஒரு குட்டி அலுவலகத்தையே வீட்டில் ஓடவிட்டுப் பழக ஆசை. கிளவுடில் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம்தான். அணைக்க மறந்தால் பில் ஏறும், எனக்கோ மறதி அதிகம்.

மாமா மகன் ஆப்பிள் வாங்கச் சொன்னான். நல்ல பொருள்தான். ஆனால் 2020 கடைசியில் வந்த எம்1 முதல் அந்த வரிசை சிப்புகள் எல்லாம் ஆர்ம் வகை. ஆர்முக்கான லினக்ஸ் அதில் பறக்கும். எனக்கு வேண்டிய விண்டோஸ் சர்வர், இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் எக்ஸ்86 வகைக்கானது. ஒரு வகை சிப்பை இன்னொரு வகையாக நடிக்க வைக்கும் எமுலேஷன் வைத்து ஓட்டினால் மறுபடியும் துணி காயப்போடப் போக வேண்டியதுதான்.

கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் கட்டுப்படுத்தும் டொமைன் கன்ட்ரோலர் ஒன்றுக்கு 4 ஜிபி. அதில் சேர்க்க விண்டோஸ் 11 இரண்டு. மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 என்பதால் அது 8. உபுண்டு சர்வருக்கு 2. எல்லாருக்கும் வாசல் காவலாக பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால், அதற்கு 1. ஆக 15. இதைத் தவிர, மடிக்கணினியின் சொந்த விண்டோஸும் இருபது டேப் திறந்த பிரவுசரும் ஆறேழு ஜிபி விழுங்கும். காகிதம் இல்லாமல் போயிருந்தால் 16 ஜிபி போதும் என்று சத்தியமாக வாங்கி வந்திருப்பேன்.

புராசசரை விஎம்கள் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளும். வேலையில்லாத சர்வர் அதை அதிகம் தொடாது. ரேம் அப்படியில்லை, சும்மா கிடந்தாலும் பிடித்த இடத்தை அநேகமாக விடாது. அதனால் 4,000 ரிங்கிட்டுக்குள் என் முதல் கேள்வி, ரேம் ஸ்லாட் எத்தனை என்பதுதான்.

செந்தூலிலிருந்து எல்ஆர்டியில் ஹங் துவா. அங்கே மோனோரெயில் மாறினால் அடுத்த நிறுத்தம் இம்பி. இறங்கி நடந்தால் கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோயாட் பிளாசா. முதல் கடையில் மெல்லிய, அழகான ஒன்றைக் காட்டினார்கள். பின்னால் ரேம் கூட்டலாமா என்று கேட்டேன். "போலே, போலே, மிஸ்" என்றார் விற்பவர், மலாயில் 'முடியும், முடியும்' என்று. எனக்குச் சந்தேகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனேன். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தது. ரேம் போர்டிலேயே பற்றவைத்தது என்று அர்த்தம். கழற்றி மாற்றக்கூடியது என்றால் அங்கே 'சோடிம்' என்றிருக்கும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் பக்கத்திலேயே தெரியும். அவருக்குக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்.

மேல் மாடியில் ஒரு தமிழ்த் தம்பி. நான் கோர் ஐ7-1255யு போட்ட ஒன்றைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு, "அக்கா, பத்து கோர்னு போட்டிருக்கும், அதுல பெருசு ரெண்டுதான்" என்றான். உண்மைதான், புராசசருக்குள் வேலை பார்க்கும் கோர்களில் மீதி 8 மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சின்னவை. பின்னணியில் ஓடும் விஎம்மை விண்டோஸ் அந்தச் சின்னவற்றிடமே தள்ளிவிடுவதும் உண்டு. கடைசியில் எடுத்தது ஏஎம்டியின் ரைசன் 7. எட்டும் ஒரே மாதிரி கோர், 16 த்ரெட், 16 ஜிபி டிடிஆர்5 ஒரே குச்சியாக, பக்கத்து ஸ்லாட் காலி. எஸ்எஸ்டி மட்டும் 512-இலிருந்து 1 டிபிக்கு ஏற்றிக்கொண்டேன், விஎம்மின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்க எடுக்க டிஸ்க் கரையும். ரேம் போடத் திறந்தால் வாரண்டி போகாது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கினேன்.

அடுத்த மாதச் சம்பளத்தில் இரண்டாவது 16 ஜிபி குச்சி. சாப்பாட்டு மேசையில் வைத்து நானே மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை கறுப்பு. ஒரு நிமிடம். பக்கத்தில் அம்மா, "கடையில குடுத்திருக்கலாம்ல?" எனக்கு வியர்த்துவிட்டது. அணைத்துவிடலாம் என்று கையை நீட்டும்போது லோகோ வந்தது. புது டிடிஆர்5 குச்சி போட்டால் முதல் தடவை கணினி அதைச் சோதித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

32 ஜிபி வந்தும் விஎம்கள் ஊர்ந்தன. விஎம்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் ஒன்று. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டி சொல்வார். இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. விண்டோஸ் தன் சொந்த விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியை ஏற்கெனவே எழுப்பி வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் புராசசரைத் தொட முடிகிறது என்பதற்கான அடையாளம் அது. அதை எழுப்பும் இரண்டையும், கோர் ஐசோலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியையும், விண்டோஸ் அம்சங்களில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மையும் அணைத்து, மறுபடி தொடக்கினேன். ஆமை போய் அந்த இடத்தில் 'வி' சின்னம் வந்தது. சர்வர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்தது.

மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் விண்டோஸின் பாதுகாப்பில் ஒரு பூட்டு குறையும். அதனால் வங்கி வேலை எல்லாம் இன்னும் பழைய 8 ஜிபியில்தான். புதியதன் சார்ஜரே செங்கல் கனம், ஐந்து விஎம்மும் ஓடும்போது அதில்லாமல் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மடிக்கணினி என்று பெயர், வாங்கிய நாளிலிருந்து சாப்பாட்டு மேசையைவிட்டு அசைந்ததில்லை.