ஹெக்ஸன்லோக் மில்: டாக்ஸிக்கு அழுத காசும் இரட்டைச் சக்கரமும்

முதலில் டாக்ஸி விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் ஃபுர்ட்வாங்கன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1972-லேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், பஸ்தான் கதி. பக்கத்தில் இருக்கும் ஹெக்ஸன்லோக் என்ற பழைய நீர்ச்சக்கர மில்லுக்குப் போக அன்றைக்கு எங்களுக்குத் தோதான பஸ் எதுவும் இல்லாததால் டாக்ஸி பிடித்தோம். ஏறும்போது 30 யூரோ என்றவர் இறங்கும்போது 45 கேட்டார். திரும்பக் காலி வண்டியாகப் போக வேண்டுமாம். அது ஏறும்போதே தெரியாதா? தங்கை ஜெர்மனில் மல்லுக்கு நின்றும் 40-க்குக் கீழே இறங்கவில்லை. நம்மூர்க் கணக்கில் நாலாயிரம் ரூபாய்! இரண்டு பேருக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த காசு அது.

சரி, மில்லுக்கு வருவோம்.

பள்ளத்தாக்கு இடுக்கில், இரண்டு பக்கமும் காடு செங்குத்தாக ஏற, நடுவில் கூரை தாழ்ந்த ஒரு மர வீடு. அதன் சுவரை ஒட்டி இரண்டு நீர்ச்சக்கரங்கள். 1825-ல் கட்டியது. 1839-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. இரட்டைச் சக்கரம் உள்ள மில் கறுப்புக் காட்டிலேயே இது ஒன்றுதான் என்கிறார்கள். பெரிய சக்கரத்துக்கு நாலு மீட்டர் விட்டம். ஹாய்பாக் ஓடையிலிருந்து மரக்கால்வாய் வழியாகத் தண்ணீர் சக்கரத்தின் தலைக்கு வருகிறது. விளிம்பு நெடுக மரப் பெட்டிகள். மேலே இருக்கும் பெட்டி நிரம்பியதும் கனம் தாங்காமல் கீழே இறங்கும், அடியில் போய்க் கொட்டிவிட்டு வெறும் பெட்டியாக மறுபக்கம் ஏறும். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பலகை இடுக்கெல்லாம் பச்சைப் பாசி. சொட்டுகிற தண்ணீர் சட்டையை நனைத்துவிட்டது, நகர மனசு வரவில்லை.

தண்ணீரை மேலிருந்து விடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. சக்கரத்தை ஓடையில் அப்படியே முக்கினால் ஓட்டத்தின் வேகம் மட்டும்தான் உதைக்கும், பாதிக்கு மேல் வீணாகும். மேலிருந்து ஊற்றினால் தண்ணீரின் எடையே வேலை செய்யும். 1759-லேயே ஜான் ஸ்மீட்டன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் மாதிரிச் சக்கரங்கள் செய்து அளந்து பார்த்து, மேலிருந்து விழும் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலன் தரும் என்று காட்டினார். இந்தப் பெரிய சக்கரத்துக்கு நொடிக்கு 300 லிட்டர் தண்ணீர், கிடைப்பது 13 குதிரைசக்தி. நாலு மீட்டர் உயரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், கையில் வரக்கூடியது மொத்தமே 16-தான். அதில் 13-ஐ மரச்சக்கரம் ஒன்று பிடித்துவிடுகிறது!

இங்கே அரைத்தது மாவு இல்லை, அறுத்தது மரம். கறுப்புக் காட்டில் அதுதானே பிழைப்பு. மரத்தைத் தெப்பமாகக் கட்டி கின்ஸிக் ஆற்றில் விட்டு, ரைன் வழியாக ஹாலந்து வரைக்கும் அனுப்பினார்கள். அது போக கண்ணாடி உலைக்கும் கரிக்கும் வெட்டியது வேறு. அப்படி மொட்டையான மலைகளில் மறுபடி நட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்தான் இன்றைக்கு நாம் பார்க்கும் காட்டில் பெரும்பங்கு. பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத குடும்பங்கள் வீட்டிலேயே கடிகாரம் செய்தன. அதற்குப் பலகை வேண்டும், பலகைக்கு மில் வேண்டும். இந்த மில்லும் கடிகாரக் கூடுகளுக்கு மரவேலை செய்திருக்கிறது.

கடிகாரம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். குயில் கடிகாரம் என்றால் நம் கண்ணில் வரும் அந்தக் கூரை வீட்டு வடிவம் ஏதோ பழங்காலக் குடிசை இல்லை, ரயில்வே காவலர் வீடு! 1850-ல் ஃபுர்ட்வாங்கனில் கடிகாரப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைவர் ராபர்ட் கெர்விக் புது வடிவங்கள் கேட்டு அறிவிப்பு விட்டார். ஃப்ரீட்ரிக் ஐசன்லோர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து அனுப்பியதுதான் இந்த வடிவம். கெர்விக் பிறகு கறுப்புக் காட்டு ரயில் பாதையையே போட்டார், 1873-ல் முடிந்தது. நாங்கள் ட்ரிபெர்க்கில் போய் இறங்கியது அந்தப் பாதையில்தான். அந்த ஊர்க் கடைத்தெருவில் மட்டும் கடிகாரம் வாங்காதீர்கள், விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

நீர்ச்சக்கரம் எப்படி ரம்பத்தை ஓட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால் கூட்டாக் ஊரில் இருக்கும் ஃபோக்ட்ஸ்பவர்ன்ஹோஃப் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். ஹெர்மன் ஷில்லி என்பவர் முயற்சியில் 1964-ல் திறந்தது. மூலவீடு 1612-ல் கட்டியது, அதே இடத்தில் நிற்கிறது. அங்கே ஒரு பழைய மரம் அறுக்கும் மில் இருக்கிறது. சக்கரத்தின் தண்டில் முட்டுக் கட்டைகள் செருகியிருக்கும். தண்டு சுழலச் சுழல, அந்தக் கட்டை ரம்பச் சட்டத்தைத் தூக்கும், அப்புறம் கைவிடும். சட்டம் தன் கனத்தில் பொத்தென்று விழும்போது மரம் அறுபடும். தூக்கு, விழு, தூக்கு, விழு. ஒவ்வொரு விழலுக்கும் அடிமரம் கொஞ்சம் முன்னால் நகரும். ஒரு பலகை அறுக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வேலை செய்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, மாவு மில்களை மூடுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஆலைகள் தேவைக்கு மேல் பெருகிவிட்டன என்பது காரணம். சின்ன மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எனக்கு இதில் ஆத்திரம்தான். பணத்தை வாங்கிக்கொண்டு மூடியவர்களைக் குறை சொல்லவில்லை, எத்தனை சக்கரங்கள் அப்படியே மக்கிப் போயிருக்கும் என்ற வருத்தம்.

சாப்பாடு! ஹெக்ஸன்லோக் மில்லிலேயே உணவகம் இருக்கிறது. புகை போட்ட பன்றி இறைச்சியை மெல்லிசாகச் சீவி, ரொட்டி, ஊறுகாய் வெள்ளரியோடு மரப்பலகையில் வைத்துத் தந்தார்கள். அப்புறம் கறுப்புக் காட்டு கேக். நம்மூர் பேக்கரியில் பிளாக் ஃபாரஸ்ட் என்று விற்கிறார்களே, அதோடு இதைச் சேர்த்தே பேசக் கூடாது. கிரீமில் இனிப்பு குறைவு, செர்ரி புளிப்பு தூக்கல், செர்ரிச் சாராயம் மூக்கில் ஏறுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம். ஒரு துண்டு இரண்டு பேருக்குத் தாராளம்.

திரும்பும்போது டாக்ஸிப் பேச்சே வேண்டாம் என்று நோய்கிர்ஷ் கிராமம் வரை மேட்டில் நடந்து பஸ் ஏறினோம். மூச்சு வாங்கும், ஆனால் காட்டு வழி, செலவு இல்லை.

செலவு பற்றி ஒன்றே ஒன்று. கறுப்புக் காட்டில் அறை பதிவு செய்யும்போது கோனுஸ் அட்டை தருவார்களா என்று கேளுங்கள். எல்லா ஊரிலும் கிடையாது. கிடைத்தால் தங்கும் நாள் முழுக்க பஸ், ரயில் இலவசம். கூட்டாக் அருங்காட்சியக வாசலிலேயே ரயில் நிற்கிறது, அங்கே டாக்ஸிக்கு வேலையே இல்லை. தேதி உங்கள் கையில் இருந்தால் ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகொஸ்தே திங்கட்கிழமை பார்த்துப் போங்கள். 1994-லிருந்து அன்றைக்கு மில் தினம், மற்ற நாளில் பூட்டியிருக்கும் மில்கள்கூட நாடெங்கும் கதவைத் திறந்து சக்கரத்தை ஓட்டிக் காட்டுகின்றன.