4.2ஐ 4.5 ஆக்கினால் என்ன ஆகும்?

அக்கா பையன் ரெண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஆறு மாதமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும், "மாமா, ஏபிஐ 510 பரீட்சை எழுதிட்டா நேரா கல்ஃப் போயிடலாமாமே, உங்களுக்குத் தெரிஞ்ச கோச்சிங் சென்டர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். ஏபிஐ 510 என்பது பிரஷர் வெசல், அதாவது அழுத்தத்தில் இயங்கும் கலன்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டருக்கான சான்றிதழ். இந்தக் கேள்வியை நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள், அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கு அவனுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூரில் நான் வழக்கமாகக் காற்று அடிக்கும் பஞ்சர் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கம்ப்ரசர், டேங்க்குக்குப் புதுசாக நீலப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். "அண்ணே, டேங்க்ல தண்ணி எப்ப எடுத்தீங்க?" என்றேன். தண்ணியா, இதில் காற்றுதானே இருக்கு என்றார். மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, டேங்க் அடியில் இருந்த சின்ன திருகைக் கொஞ்சமாகத் திறந்தேன். டீ டிகாஷன் மாதிரி தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு பெயின்ட் டப்பா நிறைந்தும் நிற்கவில்லை. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்கும், நம்ம ஊர் கடல்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தண்ணீர் தகட்டை உள்பக்கமிருந்து தின்னும். வெளியே நீலப் பெயின்ட், உள்ளே தகடு எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அந்த டேங்க்கை ஒட்டி ஸ்டூல் போட்டு ஒரு பையன் நாள் முழுக்க உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போடுகிறான்.

"நம்ம வேலை இதுதான்டா" என்றேன். பாய்லர், பிரஷர் வெசல், பைப்லைன், ஸ்டோரேஜ் டேங்க் எதுவானாலும், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அது எத்தனை நாள் தாங்கும் என்று கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போடுவது.

நான் நுழைந்தது என்டிடி வழியாக. பொருளை உடைக்காமல், வெட்டாமல் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் அவை. அல்ட்ராசோனிக், ரேடியோகிராஃபி, மேக்னடிக் பார்ட்டிகிள், டை பெனட்ரன்ட், இப்படி ஒவ்வொன்றுக்கும் லெவல் 1, 2, 3 என்று தகுதி உண்டு. இந்தத் துறைக்கான தேசிய சங்கமான ஐஎஸ்என்டியின் தலைமையகம் நம்ம கிண்டியில்தான் இருக்கிறது, இங்கே படிக்கும் பல பேருக்கே அது தெரியாது. ரேடியோகிராஃபிக்குப் போகிறவர்கள் இரவு வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். மற்ற ஆட்கள் போன பிறகு சுற்றிலும் கயிறு கட்டி, உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மார்பில் மாட்டிக்கொண்டு, இரிடியம் 192 என்ற கதிரியக்க சோர்ஸை வைத்துப் படம் எடுப்பார்கள். அதில் கவனம் ஒரு நிமிடம்கூடச் சிதறக் கூடாது.

இது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். பாய்லரை ஓட்டுவதற்கே அட்டெண்டன்ட் சான்றிதழ் இரண்டு வகுப்புகளில் இருக்கிறது, அதற்கு மேலே பிஓஇ என்ற பாய்லர் இயக்கும் இன்ஜினியர் சான்றிதழ். அரசு பாய்லர் இன்ஸ்பெக்டர் வேலை இருக்கிறது. 1923ஆம் வருடச் சட்டத்தின் கீழ்தான் நூறு வருடமாக எல்லாம் நடந்தது, 2025இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அப்புறம் வெல்டிங் இன்ஸ்பெக்டர், சேஃப்டி வால்வைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்ப்பவர், பாய்லர் தண்ணீரைப் பார்க்கும் கெமிஸ்ட். கெமிஸ்ட் வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆலை இருக்கிறது, மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்காகவே கட்டியது. நாம் பாத்ரூமில் விடும் தண்ணீர் சுற்றி வந்து ஆலைக்குள் போகிறது. பாய்லருக்குப் போகும் தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் ட்யூபுக்குள் உப்புப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி, ட்யூப் உப்பி வெடிக்கும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன்னால், வடசென்னைப் பக்கம் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நேரம், மே மாத வெயில், சாரத்தின் மேல் ஏறி ஒரு பைப்லைனின் எல்போவுக்கு, அதாவது வளைவுக்கு, அல்ட்ராசோனிக் மீட்டரால் தடிமன் எடுத்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் தடவி ப்ரோபை வைத்தால், எஃகுக்குள் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் போகும் ஒலி அந்தப் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். போய்வர ஆன நேரத்தை வைத்து மீட்டர் தடிமனைச் சொல்லும். வளைவின் வெளிப்பக்கம் 4.2 மில்லிமீட்டர் காட்டியது. நாலு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் 5.4. அந்த லைனுக்கு 3.0க்குக் கீழே போகக் கூடாது.

கணக்கு சின்னதுதான். நாலு வருடத்தில் 1.2 போயிருக்கிறது, அதாவது வருடத்துக்கு 0.3. மிச்சம் இருப்பதும் 1.2, ஆக ஆயுள் நாலு வருடம். விதிப்படி அதில் பாதிக் காலத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும், அப்படியென்றால் இரண்டு வருடம். ஆனால் அடுத்த ஷட்டவுன் மூன்று வருடம் கழித்துத்தான். அங்கே பொறுப்பில் இருந்தவர் சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "4.5ன்னு போடுப்பா, பாயிண்ட் மூணுதானே, மீட்டரே அவ்வளவு முன்னபின்ன காட்டும்" என்றார். 4.5 போட்டால் தேய்மானம் வருடத்துக்கு 0.225 ஆகிவிடும், ஆயுள் ஆறரை வருடத்தைத் தாண்டும், பாதி மூன்று வருடத்துக்கு மேல் வரும். ஷட்டவுன் கணக்கோடு அழகாகப் பொருந்திவிடும். நகத்தின் தடிமன் கூட இருக்காது அந்த 0.3.

நான் 4.2 என்றே எழுதினேன். அது ஒன்றும் என் தைரியம் மட்டும் இல்லை, என் சீனியர் வந்து அவரே ஏறி, மறுபடி வைத்துப் பார்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தையும் போட்டார். அடுத்த டெண்டரில் அந்த ஆலை எங்கள் கம்பெனியைக் கூப்பிடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்த லைனை மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். வெட்டி எடுத்த எல்போவை ஒரு ஃபிட்டர் நண்பர் போனில் படம் எடுத்து அனுப்பினார். உள்பக்கம் ஆற்று மணல் மாதிரி வரிவரியாக அரித்திருந்தது.

2020இல் நெய்வேலியில் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு பாய்லர் விபத்துகள் நடந்தன, உயிர் போனவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை, நான் போட்ட கையெழுத்துகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் பரீட்சையை முதலில் பேசாதே என்றேன் அவனிடம். ஏபிஐ 510 நல்ல சான்றிதழ்தான், கல்ஃபில் மதிப்பும் சம்பளமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எழுதவே படிப்புக்கு ஏற்ற அனுபவம் காட்ட வேண்டும், வாங்கிய பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேன்ஹோல் வழியாக வெசலுக்குள் இறங்கி டார்ச்சை நேராக அடிக்காமல் தகட்டை ஒட்டிச் சாய்த்து அடித்தால்தான் குழிகள் நிழல் விழுந்து தெரியும் என்பதும், ஐப்பசி மழை இன்சுலேஷன் தகரத்தின் எந்தத் தையல் வழியாக உள்ளே இறங்கும் என்பதும் கோச்சிங் சென்டரில் வராது. முதல் இரண்டு வருடம் சம்பளம் குறைவு, வெயில், கிரீஸ், சாரம். அதைத் தாங்க முடியும் என்றால் வா என்றேன்.

வந்துவிட்டான். லெவல் 2 அல்ட்ராசோனிக் முடித்த ஒரு அண்ணனுக்கு ஹெல்ப்பராக மணலியில் ஒரு ஷட்டவுனில் இருக்கிறான். நேற்று மத்தியானம் போன் பண்ணினான். "மாமா, ஒரே இடத்துல மூணு தடவை வச்சேன், மூணும் வேற வேற ரீடிங் வருது, எதை எழுதறது?"

"பெயின்ட் மேலயே வச்சியா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பெயின்ட் மேலேயே வைத்தால் தகடு இருப்பதைவிடத் தடிமனாகக் காட்டிவிடும். "எதையும் எழுதாத, சுரண்டிட்டு மறுபடி வை" என்றேன்.