போத்கயாவின் மரப்பலகைகள்

கயாவில் பிண்டம் போட்டு, அட்சய வடத்தடியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரும் நம் ஊர்க்காரர்கள், ரயிலுக்கு நேரமிருந்தால் போத்கயாவையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். செருப்பை விட்டு, செல்போனை கவுண்டரில் கொடுத்து, மகாபோதி கோயிலின் பொன் பூசிய புத்தரைக் கும்பிட்டு, பின்பக்கம் அரசமரத்தைச் சுற்றினால் அரை மணியில் வெளியே வந்துவிடலாம். அந்த அரை மணியில் எல்லோர் கண்ணும் ஒருமுறையாவது நிற்கும் இடம், கோயிலைச் சுற்றிப் போட்டிருக்கும் மரப்பலகைகள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை திபெத்திய பௌத்த முறையில் பயில்பவர்கள் அதில் விழுந்து விழுந்து வணங்கி எழுவார்கள். பலகை ஆள் நீளத்துக்கும் கொஞ்சம் அதிகம். தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். முழங்கால் படும் இடத்தில் மெத்தைத் துண்டு, உள்ளங்கைக்கு அடியில் துணி அல்லது கையுறை. துணி இல்லாமல் தொடங்கினால் சில நூறுக்குள் தோல் உரியும்.

நம் சாஷ்டாங்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கை குவிக்கும்போது உள்ளங்கைகள் ஒட்டக் கூடாது. நடுவில் மொட்டுப்போல் வெற்றிடம் விட்டு, கட்டை விரல்களை உள்ளே மடக்க வேண்டும். குவித்த கை உச்சியில், தொண்டையில், நெஞ்சில் படும்: உடல், வாக்கு, மனம். பிறகு கைகளை ஊன்றி, முன்னால் வழுக்கவிட்டு, நெற்றி பலகையில் படும்வரை நீட்டிப் படுக்க வேண்டும். படுத்தபடி இளைப்பாறக் கூடாது, உடனே எழ வேண்டும். எழுந்தால் முதுகு முழுக்க நிமிர வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பாதி குனிந்தபடியே அடுத்ததற்குப் போவார்கள், சாயங்காலத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முழங்காலைத் தொப்பென்று போடுவது அடுத்த தவறு.

இப்படி விழ வேண்டிய கணக்கு ஒரு லட்சம். தாந்திரிகப் பயிற்சிக்கு முந்தைய நான்கு படிகளில் முதல் படி இது. அடுத்த மூன்றும் தலா ஒரு லட்சம்தான். எண்ணும்போது தவறினால் ஈடுகட்ட 11,111 சேர்த்துச் செய்வதும் உண்டு. 108 மணி மாலையை நூறு என்றே எண்ணுவதும் அதற்காகத்தான். நாளுக்கு ஆயிரம் என்றாலும் நூறு நாளாகும். ஒரே குளிர்காலத்தில் முடிக்க ஆசைப்படுபவர்களின் மணிக்கட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விழும்போது மனதுக்கும் வேலை இருக்கிறது. வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அம்மா, தன்னைப் பிடிக்காதவர்கள் தனக்கு முன்னால், சுற்றி எல்லா உயிர்களும் சேர்ந்து விழுவதாக நினைக்க வேண்டும். எதிரியை முன்னால் நிறுத்திய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் முப்பதாயிரத்தைத் தாண்டியதும் அப்பாவும் எதிரியும் காணாமல் போய் எண் மட்டும் நிற்கும். நெற்றி பலகையைத் தொடாமலே எழுவார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் அதையும் ‘என்ன பக்தி!’ என்பார்கள்.

அதே ஆட்கள்தான் மரத்தடியில் இலைக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பது. அரச இலையைப் பறிக்கக் கூடாது, தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். காற்று அடித்து ஒன்று சுழன்று இறங்கினால் நாலு பேர் பாய்வார்கள், சிரிப்பு வரத்தான் செய்யும். வெளியே கடையில் அதே இலை லேமினேஷன் போட்டுக் கிடைக்கிறது. இருந்தும் மணிக்கணக்காக அண்ணாந்து உட்கார்ந்திருப்பவரை, கணக்குக்காக அரைகுறையாக விழுபவருக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

விளக்கும் அப்படித்தான். வெண்ணெய் விளக்கு என்று பெயர், ஊற்றுவது பெரும்பாலும் டால்டா. புகை கல்லைக் கருக்கியதால் தனிக் கண்ணாடி அறைகளுக்கு மாற்றிவிட்டார்கள். நூறு விளக்குக்குப் பணம் கட்டிவிட்டு, ஏற்றும் வேலையை இன்னொருவரிடம் விடுவதும் நடக்கிறது.

புத்தர் முன்னால் காணிக்கையாக வைக்கும் ஏழு கிண்ணத் தண்ணீரில் அந்த வசதி இல்லை. காலிக் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கக் கூடாது, ஒன்றுமில்லாததைக் கொடுப்பது போலாகும். அதனால் கிண்ணங்களை அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு மேல் கிண்ணத்தில் தண்ணீர் விடுவார்கள். கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மீதியை அடுத்ததில் ஊற்றி, இடமிருந்து வலமாக வைப்பார்கள். இடைவெளி ஒரு பார்லி மணி அளவு. பிறகு விளிம்புக்கு ஒரு மணி அளவு கீழே வரை நிரப்ப வேண்டும். வழிந்தாலும் குறைந்தாலும் தவறு. சாயங்காலம் வலமிருந்து காலி செய்து, துடைத்துக் கவிழ்க்க வேண்டும். தண்ணீரை ஏன் தேர்ந்தார்கள் என்றால், கொடுத்துவிட்டோமே என்று யாருக்கும் வயிறு எரியாது.

அடுத்த முறை கயாவுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள், கூட்டம் குறைவு. சாயங்காலம் என்றால் கொசு; புல்தரையில் கொசுவலை கட்டி உள்ளே உட்கார்ந்து தியானம் செய்பவர்களைப் பார்த்தால் புரியும். எப்போதும் வலமாகவே சுற்றுங்கள். பலகையில் விழுபவருக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள், பின்னால் வழி இருக்கும்.