கடையில் சேரும், வீட்டுக்கு வந்தால் பிரியும்

ஆடிட்டர் ஆபீசில் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற வேலை எனக்கு. ஆனால் பெண் எடுத்த வீட்டில் அதற்குப் பெயர் ‘மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்கார்’. அந்த ஒரே தகுதியில், திருச்சி கிராப்பட்டி வீட்டுக்கு எப்போது போனாலும் செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், கேஸ் புக்கிங், ஆதார் ஓடிபி என்று எனக்காக ஒரு வரிசை காத்திருக்கும். இந்த ஆடிப்பெருக்குக்குப் போனபோது வரிசையின் முதல் இடத்தில் மாமாவின் ஸ்மார்ட் வாட்ச்.

“மாப்பிள்ளை, காபி குடிச்சிட்டு நிதானமா பாருங்க, அவசரமில்ல” என்றார். காபி டம்ளரை நான் கையில் வாங்குவதற்குள் வாட்சைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையை 1928 வாக்கில் பொன்மலைக்குக் கொண்டுவந்த கதையை, தானே பெட்டி படுக்கையோடு கூட வந்ததைப் போலச் சொல்வார். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த இடம் அது. “எஞ்சின் மூச்சு விடுறத வச்சே எங்க லீக்குன்னு சொல்லிடுவோம்” என்பது அவர் பெருமை. அப்படிப்பட்ட மனிதரை ஒரு ரூபாய் அகலத்துக்குச் சற்றே பெரிய ஒரு டப்பா தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பெங்களூரில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பிய வாட்ச் அது. பல மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. மாமா புதுப் போன் வாங்கினார். அன்றிலிருந்து வாட்ச் அந்தப் போனோடு பேச மாட்டேன் என்கிறது. ஆப்பைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம் ‘இணைக்க முடியவில்லை’ என்று வரும்.

நான் வருவதற்கு முன்பே மாமா தன் பங்குக்கு மராமத்து பார்த்திருந்தார். வாட்சின் முதுகில், சார்ஜர் காந்தம் போல ஒட்டிக்கொள்கிற இடத்தில், இரண்டு சின்னப் பொன்னிறப் புள்ளிகள் உண்டு. அதைச் சுற்றி வியர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. “காண்டாக்ட் அழுக்கா இருந்தா கரண்ட் எப்படிப் போகும்?” என்று ஜீரோ நம்பர் எமரி பேப்பரை எடுத்திருக்கிறார். அத்தை பார்த்துப் பிடுங்கி வைத்ததால் வாட்ச் பிழைத்தது. அந்தப் புள்ளிகள் சார்ஜ் ஏறுவதற்கு மட்டும்தான், போனோடு பேசுவதெல்லாம் காற்று வழியாக என்றேன். மாமா நம்பிய மாதிரி தெரியவில்லை.

“சரி, அத விடுங்க. இதப் பாருங்க” என்று வாட்சைத் திருப்பிப் பிடித்தார். அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. “பச்சை எரியுதா? அப்புறம் என்ன? சிக்னல் குடுத்தாச்சு. வண்டி ஏன் நகர மாட்டேங்குது?”

ரயில்வேக்காரரிடம் பச்சை விளக்குக்கு வேறு அர்த்தம் சொல்வது கஷ்டம். அது நாடித்துடிப்பு பார்க்கிற விளக்கு, ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வருகிற ஒளியும் கூடிக் குறையும், அதை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப சிக்னல் இல்லையா?” என்றார்.

பக்கத்து வீட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருவர் இருக்கிறார். அவருடைய கண்டுபிடிப்பு வேறு மாதிரி. “ஃப்ரீக்வென்சி இடிக்குது சார். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்.” இதில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை. மூன்றும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில் இயங்குவது நிஜம். ஆனால் புளூடூத் ஒரே சேனலில் உட்கார்ந்திருக்காது, நெரிசல் இருந்தால் தாவித் தாவிப் போய்விடும். அந்தப் பாதி உண்மையை நம்பி மாமா ரௌட்டரை அணைத்திருக்கிறார். சமையலறையில் யூடியூபில் ஓடிக்கொண்டிருந்த அத்தையின் பிரவசனம் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. ரௌட்டரின் சுவிட்ச் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது, அதிலிருந்து நானே ஊகித்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய மர்மம் கடையில் நடந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைப் பையன் போனை வாங்கினான், ஆப்பைத் திறந்தான், நாலு தட்டுத் தட்டினான், வாட்ச் ‘டர்ர்’ என்று அதிர்ந்து சேர்ந்துகொண்டது. நூறு ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி வரை நன்றாக இருந்தது. காலையில் பார்த்தால் பழையபடி வட்டம். மறுபடி கடைக்குப் போனார். அங்கே சேர்ந்தது, மறுநாள் காலையில் பிரிந்தது. பையனே சங்கடப்பட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். “வீட்டு வாஸ்துல ஏதாவது இருக்குமோ?” என்று மாமா என்னைக் கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

சரி, முறைப்படி போவோம் என்று உட்கார்ந்தேன். இந்த மாதிரி வாட்சுகளில் பலர் போனின் புளூடூத் செட்டிங்கிற்குள் போய் நேராக இணைத்துவிடுவார்கள். அங்கே ‘இணைந்தது’ என்று காட்டும், ஆப்போ பார்க்கவில்லை என்று சாதிக்கும். ஆப் வழியாகத்தான் சேர்க்க வேண்டும். மாமா அதைச் சரியாகவே செய்திருந்தார். அடுத்து அனுமதிகள். ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் புளூடூத்தில் ஒரு பொருளைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும். 12இல் இருந்து ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் பல ஆப்கள் வானிலை காட்ட, நடந்த பாதையைக் குறிக்க என்று லொகேஷனையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மாமா எல்லாவற்றுக்கும் ‘அனுமதிக்காதே’ கொடுத்து வைத்திருந்தார்.

“வாட்ச் என் கையில இருக்கு. நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியாதா? எதுக்குக் கேக்குது?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் அனுமதிகளைக் கொடுத்தேன். பேட்டரி சேமிப்பில் இந்த ஆப்புக்கு மட்டும் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றினேன். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் போன் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். ரீஸ்டார்ட்டும் ஆயிற்று. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசி அஸ்திரமாக வாட்சை ரீசெட் செய்யலாம் என்றேன். மாமா பதறிவிட்டார். “ஐயய்யோ, வேண்டாம். நான் நடந்ததெல்லாம் அதுலதான் இருக்கு. காலையில அஞ்சரைக்குக் கிளம்பினா ஜி கார்னர் கிரவுண்டு போய் நாலு ரவுண்டு அடிச்சிட்டு ஏழு மணிக்குத்தான் வீடு. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி, மாப்பிள்ளை! டாக்டர்கிட்ட காட்டணும்.”

இந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் கண்டுபிடித்த கணக்கல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டுகிற அடி எண்ணும் கருவியை விற்றது. அதற்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த விளம்பரப் பெயர் உலகத்தின் வைத்தியக் குறிப்பாகிவிட்டது. இதை அப்போது சொல்ல வாய் வந்தது, ஆனால் நடக்கிற மனிதரின் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அலுத்துப்போய் வாட்சின் திரையைச் சும்மா இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தேன். வானிலைப் பக்கம் வந்தது. சூரியன் பாதி மேகத்துக்குள். 36 டிகிரி.

36 டிகிரி?

இந்த வாட்சுக்கு சிம் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. திருச்சி வெயில் இன்றைக்கு எவ்வளவு என்று அதற்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தேன். ஓரத்தில் கடுகளவு சங்கிலிப் படம். பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, இது கனெக்ட் ஆகாம இல்ல. கனெக்ட் ஆகித்தான் இருக்கு.”

“எதோட?”

அதுதான் கேள்வி. மாமாவின் போனை அணைத்தேன், சங்கிலி எரிந்தது. என் போனையும் மனைவியின் போனையும் அணைத்தேன், எரிந்தது. வாட்சைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை நடந்தேன். சங்கிலி மங்கியது. திரும்பி வந்தேன், திண்ணையில் ஏறியதும் எரிந்தது. மொட்டை மாடிக்குப் போனால் மங்கல், ஹாலுக்கு வந்தால் வெளிச்சம். பின்னாலேயே மாமாவும் வந்தார், லீக் தேடுகிற உற்சாகத்தில். எதிர்வீட்டுப் பாட்டி, “என்ன தம்பி, வாட்சு தொலைஞ்சு போச்சா?” என்று கேட்டார். கையில் பிடித்திருக்கிற வாட்சைக் காட்டி இல்லை என்றேன். அவர் இன்னும் குழம்பிப்போனார்.

சமையலறையில் அத்தை ஆடிப்பெருக்குக்குத் தேங்காய்ச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். மல்லித்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் பிரவசனம். சத்தம் ஜன்னலில் இருக்கும் குட்டி புளூடூத் ஸ்பீக்கரில் இருந்து வந்தது. அந்தப் போனை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. திரையின் மூலையில் பழைய விரிசல். மாமாவின் பழைய போன்.

“இதுல வாட்ச் ஆப் இருந்துச்சே, எடுத்தாச்சா மாமா?”

“சிம்மைக் கழட்டிட்டேனே!” என்றார்.

சிம்முக்கும் வாட்சுக்கும் சம்பந்தமே இல்லை. யாரோடும் சேராமல் சும்மா இருக்கும் வாட்ச் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று விடாமல் ரேடியோவில் கூவிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் போன்கள் கண்டுபிடிக்கின்றன. ஒரு போனோடு சேர்ந்துவிட்டால் கூவுவதை நிறுத்திவிடும். ஆள் ஏறிய ஆட்டோக்காரர் சவாரி கூப்பிடுவாரா? அத்தை ஸ்பீக்கருக்காக நாள் முழுக்கப் புளூடூத்தை அணைப்பதில்லை. மாமாவோ சிக்கனக்காரர். ராத்திரி படுக்கப் போகும்போது கேஸ், மோட்டார், நெட், புளூடூத் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். புதுப் போன் வாயை மூடிய மறு நிமிஷம் பழைய போன் வாட்சைக் கூட்டிக்கொண்டு போய்விடும். கடைக்குப் போனால் பழைய போன் பக்கத்தில் இல்லை, ஒழுங்காகச் சேரும். வாஸ்து பிழைத்தது.

இதையெல்லாம் நான் சத்தமாக விளக்கிக்கொண்டே அத்தையின் போனில் அந்த ஆப்பைத் திறந்தேன். மொத்தமாக நீக்கிவிடலாம் என்றுதான். திறந்ததும் முதல் பக்கத்திலேயே பச்சைப் பச்சையாகக் குச்சிகள், நாள்வாரியாக மாமா நடந்த கணக்கு. 1,412. 1,389. 1,430. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

“அதுவா?” என்றார் அத்தை, கரண்டியை வைக்காமலே. “அது தினமும் வரும். நானும் பாப்பேன். முக்கு டீக்கடைக்குப் போக எழுநூறு, வர எழுநூறு.”

மாமா ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

“நேத்து எவ்ளோ? ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல வந்திருக்குமே. வடை தீந்துபோய் அடுத்த கடைக்குப் போயிருக்காங்க.”

மாமனாரைக் காப்பாற்ற வேண்டியது மாப்பிள்ளையின் கடமை. குச்சிகளை மேலும் கீழும் தேடினேன், உயரமாக ஒன்று கிடைத்தது. “அப்படிச் சொல்லாதீங்க அத்தை. போன வெள்ளிக்கிழமை பாருங்க, நாலாயிரத்துச் சொச்சம்!”

“ஆடி வெள்ளி. கொழுக்கட்டைக்கு நாலு தேங்காய் துருவச் சொன்னேன்.”

வாட்ச் அடியை எண்ணுவது காலை வைத்தல்ல, கை ஆடுவதை வைத்துத்தான். உட்கார்ந்த இடத்தில் தேங்காய் துருவினாலும் அதன் கணக்கில் நடைதான். இதை விளக்கினால் மாமாவுக்கு மிச்சமிருக்கிற அந்த நாலாயிரமும் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

“மாப்பிள்ளை,” என்றார் மாமா, தென்னை மரத்திடமே. “அத உடனே அழிச்சிட்டு என் போன்ல போட்டுடுங்க. டாக்டர் வேற பாக்கணும்னாரு.”

‘சாதனத்தை நீக்கு’ என்ற இடத்தில் விரலை வைக்கப் போனேன்.

“ரெண்டு போன்லயும் தெரியுற மாதிரி வைக்க முடியாதா?” என்று அத்தை கேட்டார்.

“ஒரு நேரத்துல ஒண்ணோடதான் அத்தை சேரும்.”

அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்ப பகல்ல அவர் போன்லயே இருக்கட்டும். இதுல இருக்கறத மட்டும் அழிக்காதீங்க. எப்படியும் ராத்திரி அவர் எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான படுப்பாரு.”